சிவப்பா, நீலமா, மஞ்சளா, இருட்டா: வீட்டுக் கடல் தொட்டிக்கு எந்தக் கடற்பஞ்சு?

என் அக்கா மகன் தண்டையார்பேட்டையில் மூன்றடி மரைன் டேங்க் வைத்திருக்கிறான். வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி, நாலைந்து நத்தை, சிமெண்டில் வார்த்த பாறை. மீன் சாகவில்லை, தண்ணீர் நாறவில்லை, அக்கா இன்னும் தொட்டியைத் தெருவில் தூக்கி வைக்கவில்லை. நன்றாகத்தானே போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்ப்பு மீன் கடைகள் இருக்கிற கொளத்தூரிலிருந்து அவன் போன் வந்தது.

"மாமா, செவப்பா கை வெரல் மாதிரி ஒண்ணு நிக்குது. லைவ் ஸ்பாஞ்சாம். பக்கத்துலயே நீலமும் இருக்கு, மஞ்சள் உருண்டையும் இருக்கு. எதை எடுக்கட்டும்?"

"எதையும் எடுக்காத. பஸ் ஏறி வீட்டுக்கு வா."

வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அன்றும் அடுத்த ஞாயிறும் பேசித் தீர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மீன் வளர்க்கத் தெரிந்து, அடுத்து நிறத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்கள்.

பேரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொளத்தூர் கடைகளில் 'ஸ்பாஞ்ச் இருக்கா' என்று மட்டும் கேட்டால் ஏர் பம்பில் மாட்டுகிற கருப்பு நுரை ஃபில்டரை எடுத்து நீட்டுவார்கள். 'லைவ்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் கடற்பஞ்சு. பார்க்கச் செடி போல நின்றாலும் விலங்கு. வாய் கிடையாது, வயிறு கிடையாது, நரம்பு கிடையாது. உடம்பெல்லாம் பொடித் துளை. உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகள், அறைச் சுவரில் சவுக்கு வால் முளைத்த செல்கள். அந்த வால்கள் ஓயாமல் ஆடித் தண்ணீரை உள்ளே இழுத்து, இருப்பதைப் பிடித்துத் தின்றுவிட்டு, மேலே இருக்கிற பெரிய துளை வழியாக வெளியே தள்ளும். தன் உடம்பளவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு தண்ணீரை ஒரே நாளில் வடிகட்டும் பஞ்சுகள் உண்டு. கருப்பு நுரை பாக்டீரியாவுக்கு வீடு கொடுக்கிறது. இது பாக்டீரியாவையே சாப்பிடுகிறது.

நான் கொன்ற சிவப்பு

ஆறு வருடத்துக்கு முன்னால் பெரம்பூர் வீட்டில் நானும் ஒரு சிவப்பு விரல் பஞ்சு வாங்கி வைத்தேன். கடைக்காரர் அதைத் தொட்டியிலிருந்து கையால் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட என் முகத்துக்கு நேரே பிடித்து, "பாருங்க சார், எவ்ளோ ஃப்ரெஷ்ஷு" என்றார். எனக்கும் பூரிப்பு. அந்த நாலைந்து விநாடியில் அதன் உடம்புக்குள் காற்று ஏறியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பஞ்சின் உள்ளறைகளில் சிக்கிய காற்று தானாக வெளியேறாது. காற்று நிற்கிற பகுதிக்குத் தண்ணீர் போகாது, அந்தச் சதை உள்ளேயே அழுகும். நல்ல கடைக்காரர் பையைத் தொட்டிக்குள் முக்கி, பஞ்சைத் தண்ணீரோடு தண்ணீராக உள்ளே தள்ளிக் கட்டித் தருவார். இந்த ஒன்றை வைத்தே கடையை எடை போடலாம்.

மூன்று வாரம் அது அழகாகவே நின்றது. தினமும் ராத்திரி ஆர்ட்டீமியா (மீனுக்குப் போடுகிற பொடி இறால் வகை) முட்டை பொரித்து ஊற்றினேன். 'நல்லா சாப்பிடுது' என்று வீட்டில் பெருமை வேறு. பஞ்சின் உள்ளிழுக்கும் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. பொரித்த அன்றைய ஆர்ட்டீமியாக் குஞ்சே அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில். இடியாப்ப அச்சில் முழுக் கொழுக்கட்டையைத் திணிக்கிற கதைதான். அதைத் தின்று கொழுத்தது மீன்.

நாலாவது வாரம் ஒரு விரல் நுனி வெளுத்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து, அதைத் தூக்கி எல்இடிக்கு நேர் கீழே வைத்தேன். இரண்டாவது தப்பு. அடுத்த வாரம் மேலெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது, அதன் மேல் ரொட்டியில் பூஞ்சை பூத்தது போல ஒரு வெள்ளைப் படலம். ஒருநாள் காலையில் தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. க்ளீனர் இறால் மல்லாந்து கிடந்தது. பஞ்சை எடுத்து முகர்ந்தேன். அந்த நாற்றம் கையில் இரண்டு நாள் இருந்தது.

பஞ்சு சாகும்போது மட்டும் ஏன் தொட்டியையும் சேர்த்துக் கெடுக்கிறது? அழுகும் சதையிலிருந்து அம்மோனியா வருவது எல்லாச் சாவுக்கும் பொது. பஞ்சில் கூடுதலாக மருந்துச் சரக்கும் உண்டு. ஓடவோ கடிக்கவோ முடியாத உயிர் என்பதால், தன்னைத் தின்ன வருகிறவற்றையும் மேலே படர வருகிறவற்றையும் ரசாயனத்தால்தான் தடுக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் கரீபியக் கடல் பஞ்சு ஒன்றில் கண்டெடுத்த பொருட்களின் வழியில்தான் ரத்தப் புற்றுநோய்க்குத் தருகிற சைட்டராபின் வந்தது. புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டிய சரக்கு ஒரு மூன்றடித் தொட்டியில் கரைந்தால் இறால் என்ன ஆகும்? அதனால் எந்தப் பஞ்சு வைத்தாலும் கரைந்த விஷத்தை உறிஞ்ச ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் வீட்டில் தயாராக இருக்கட்டும்.

நுனி வெளுத்த அன்றே அந்த நுனியை புது பிளேடால், தண்ணீருக்குள்ளேயே வைத்து, நல்ல சதை வரைக்கும் வெட்டி எறிந்திருந்தால் மிச்சம் ஒருவேளை பிழைத்திருக்கும். பஞ்சுக்கு அந்தத் திறமை உண்டு. 1907-ல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் ஒரு பஞ்சைப் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து, செல் செல்லாகப் பிரித்துவிட்டார். அந்தச் செல்கள் ஊர்ந்து ஒன்றுசேர்ந்து மறுபடி பஞ்சாகின. துணியில் பிழிந்தால்கூடப் பிழைக்கிற உயிர்தான், ஆனால் வீட்டில் பட்டினி போட்டால் செத்துவிடுகிறது.

பட்டினிதான் விஷயமே. கடல் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா மிதக்கும். நாமோ தொட்டித் தண்ணீர் கண்ணாடி போல இருக்க வேண்டும் என்று அழுக்கை நுரையாக்கிக் கோப்பையில் சேர்க்கிற ஸ்கிம்மர் ஓட்டுகிறோம், ஃபில்டர் துணியில் வடிகட்டுகிறோம், சிலர் யூவி விளக்கும் போடுகிறோம். எது அழுக்கு என்று எடுத்தெறிகிறோமோ அதுதான் இதற்குச் சோறு. சோறில்லாமல் மூன்று வாரம், ஐந்து வாரம், சில சமயம் மூன்று மாதம்கூட நிற்கும். நிற்கிறது என்பதாலேயே நமக்கு ஏமாற்றம். 'என்னோடது ஒரு மாசமா சூப்பரா இருக்கு' என்று யாராவது சொன்னால், ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

இனி அவன் கடையில் பார்த்த மூன்றையும், பார்க்காத ஒன்றையும் எடுத்துக்கொள்வோம்.

சிவப்பு, ஆரஞ்சு விரல்கள்

கடையில் 'ரெட் ட்ரீ', 'ஆரஞ்சு ஃபிங்கர்' என்று விற்பதில் பல இனங்கள் கலந்திருக்கும். உலகச் சந்தையில் பேர்பெற்றது கரீபியக் கடலின் ஆம்ஃபிமெடான் கம்ப்ரெஸா. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து இனத்தை அடித்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கண்ணாடி முள்ளை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எந்த இனமாக இருந்தாலும் வீட்டில் அதற்கு வேண்டியது ஒன்றேதான்: நிழல், மிதமான நீரோட்டம், நாள் முழுக்கப் பொடிச் சாப்பாடு.

பொடிச் சாப்பாடு என்றால் பைட்டோ, அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. நானோக்ளோராப்சிஸ் என்ற பாசி இரண்டு முதல் நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு, துளைக்குச் சரியாக நுழையும். வீட்டிலேயே வளர்க்கலாம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், உப்புத் தண்ணீர், கொஞ்சம் உரக்கரைசல், ஒரு ஏர் டியூப், ஒரு டியூப்லைட். வெளிர்ப் பச்சையில் ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் கீரை மசியல் நிறத்துக்கு வரும். பாதியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, மீதியில் புதுத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் பாட்டிலைத் தினமும் ஒருமுறை குலுக்கவில்லையென்றால் அடியில் படிந்து செத்துவிடும். என் வீட்டில் அந்தப் பாட்டிலும் தோசை மாவும் ஒரே தட்டில் இருந்தன. விருந்துக்கு வந்த சித்தப்பா புதினா ஜூஸ் என்று எடுத்து மூடியைத் திறந்தே விட்டார். அன்றிலிருந்து பாட்டிலில் கருப்பு மார்க்கரால் 'மீன்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். சிவப்புப் பஞ்சுக்குப் போதுமான அளவு பைட்டோ ஊற்றினால் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். ஏறினால் பாசி வரும். பாசி பஞ்சின் மேலேயே படர்ந்து துளைகளை அடைக்கும். ஸ்கிம்மரை ஓட்டினால் ஊற்றிய பைட்டோ கோப்பையில் போய் நிற்கும். நிறுத்தினால் இரவில் ஆக்சிஜன் குறையும். தண்ணீரை அடிக்கடி மாற்றுவது ஒன்றுதான் நேர்வழி. அதற்கு உப்பும் உழைப்பும் வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். பாறை, மணல், மேல் விளிம்பு போக 160 என்று வைப்போம். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் 16 லிட்டர், அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சிவப்புக்காக வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டி வந்தால் 50 லிட்டருக்கு மேல், ஒன்றே முக்கால் கிலோவுக்கும் மேல். தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. "அம்பது லிட்டர் ஆர்ஓ தண்ணியை வாராவாரம் நீ தூக்குவியா?" என்றேன். பேசாமல் இருந்தான்.

என் தீர்ப்பு: வேலைக்குப் போகிறவன் வீட்டுக்குச் சிவப்பு ஆகாது. தினமும் இரண்டு மூன்று வேளை சொட்டுச் சொட்டாக பைட்டோ விடுகிற டோசிங் பம்ப், பெரிய சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டுத் தொட்டி), மீன் குறைவு, இவ்வளவும் இருந்தால் முயலலாம். அப்போதும் பாதி நம்பிக்கைதான்.

நீலம்

கடையில் அவன் பார்த்த நீலம் அநேகமாகக் கொலோஸ்பாஞ்சியா ஆரிஸ் அல்லது அதன் உறவாக இருக்கும். மெல்லிசாக, காது மடல் போலவோ பாறையில் ஒட்டிய தோல் போலவோ இருக்கும்; விளக்குக்கு ஏற்ப ஊதாவும் நீலமும் பச்சையும் காட்டும். இந்தோ-பசிபிக் கடல் சரக்கு. இதன் சதைக்குள் சயனோபாக்டீரியா குடியிருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அது சமைக்கிற சாப்பாட்டில் பஞ்சுக்கும் பங்கு. அதனால்தான் சிவப்பு செத்துப்போகிற தொட்டியில் இது மெதுவாகப் படருகிறது. பைட்டோ கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் உடனே சாகாது. விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது நீலத்தைத்தான்.

இதற்கும் இரண்டு கண்டம் உண்டு. ஒன்று, தொட்டியில் சிவப்பு வழுவழுப்புப் பாசி வந்தால் எரித்ரோமைசின் கலந்த மருந்து போடுகிற பழக்கம். அந்தச் சிவப்புப் பாசியும் சயனோபாக்டீரியாதான், நீலப் பஞ்சுக்குள் இருப்பதும் அதே கூட்டம். மருந்துக்கு நம்மாள் வெளியாள் தெரியாது. இரண்டாவது, மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்ததும் செம்பு மருந்து ஊற்றுவது. அது எந்தப் பஞ்சுக்கும் எமன். மீனைத் தனி பக்கெட்டில் எடுத்து வைத்துத்தான் மருந்து.

நன்றாக வேரூன்றிவிட்டால் பக்கத்தில் இருப்பதன் மேலெல்லாம் ஏறவும் செய்யும். தனிப் பாறையில் விட்டு, அந்தப் பாறையை மணல் நடுவே தீவு போல வைத்தால் தொல்லையில்லை.

மஞ்சள் உருண்டை

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரஞ்சுப் பழம் அளவில், மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்த சினாகைரெல்லா வகை. மணலும் வண்டலும் உள்ள ஆழமற்ற இடத்தில் வளர்ந்து பழகியது என்பதால் விரல் பஞ்சைவிடக் கெட்டி. பட்டினியும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் வெளிச்சத்தில் சமைக்கத் தெரியாது, சோறு நாம்தான் போட வேண்டும். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இதை வைக்கலாம். விலை குறைவு என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

இருட்டுப் பெட்டி

கடையில் விற்காத நாலாவது வழி. எனக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை.

சம்பில் ஒரு அறையை, சம்ப் இல்லாவிட்டால் தொட்டியின் பின்புறம் தொங்கவிடும் ஒரு பெட்டியை, வெளிச்சம் புகாமல் கருப்பு ஷீட்டால் மூட வேண்டும். உள்ளே உடைந்த பாறைத் துண்டும் பீங்கான் வளையமும், தளர்வாக. நீரோட்டம் மெதுவாக, தேங்காமல். ஃபில்டர் துணி அதற்கு முன்னால் வேண்டாம். பிறகு ஒரு வேலையும் கிடையாது, திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதைத் தவிர. அதுதான் கஷ்டம்.

சில மாதத்தில் வெள்ளையாக அரிசி அளவில், தலையில் குடுமி வைத்த சின்னப் பைகள் முளைக்கும். சைக்கான் வகை. நம் ஆட்கள் அன்னாசி ஸ்பாஞ்ச் என்பார்கள், குடுமியைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பிறகு சாம்பல் படலம் வரும். பொறுத்தால் மஞ்சள், ஆரஞ்சு, ஊதாத் திட்டுகள். என் பெட்டியில் ஒன்றரை வருடத்தில் எலுமிச்சை நிறத்தில் உள்ளங்கை அகலம் ஒரு தகடு வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூடியைத் தூக்கி போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். தகட்டின் மேல் ஊசி முனை அளவு துவாரங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கண்ணாடி போல ஒரு சின்னக் கழுத்து. தண்ணீரில் மிதந்து வந்த ஒரு தூசு அந்தத் துவாரத்துக்கு மேலே வந்ததும் நின்றது, பிறகு கீழிருந்து யாரோ ஊதியது போல ஓரங்குலம் மேலே போயிற்று. இன்னொரு தூசு வந்தது. அதுவும் மேலே போயிற்று. மனைவி எழுந்து வந்து, "இந்நேரத்துல சாக்கடை மூடியைத் தூக்கி வெச்சிட்டு இன்னா பாக்குற?" என்று கேட்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கடையில் வாங்கிய பஞ்சு சாகும் அதே தண்ணீரில் இது எப்படிப் பிழைக்கிறது? ஊர் விட்டு ஊர் வந்ததில்லை, காற்றுப் படவில்லை. அந்தத் தொட்டியில் கிடைக்கும் சோற்றுக்கு ஏற்ற அளவில்தான் முளைத்தே இருக்கிறது. அந்தச் சோறும் நாம் நினைப்பதைவிடச் சின்னது. டச்சு ஆராய்ச்சியாளர் யாஸ்பர் டி கூயியின் குழு 2013-ல் காட்டியது இது: பவளத் திட்டின் பொந்துகளில் வாழும் பஞ்சுகள், பவளமும் பாசியும் தண்ணீரில் கசியவிடும் கரைந்த கரிமப் பொருளையே உறிஞ்சிக்கொள்கின்றன. பிறகு தங்கள் பழைய செல்களை மளமளவென்று உதிர்க்கின்றன, அந்த உதிரியைப் புழுவும் பூச்சியும் தின்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைத் தண்ணீர் இப்படிச் சோறாகி மேலே போகிறது. இருட்டுப் பெட்டியிலும் சின்ன அளவில் இதுதான் நடக்கிறது. என் தொட்டியில் பெட்டி வந்த பிறகு குட்டிப் பூச்சிகள் பெருகின, கோபி ராத்திரியில் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கிறது.

விதை எங்கிருந்து வரும்? சிமெண்ட் பாறையில் தானாக ஒன்றும் முளைக்காது. பழைய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது சம்பின் அடியில் கிடக்கும் பீங்கான் வளையம் கைப்பிடி கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரோடு டப்பாவில், வெளியே எடுக்காமல். யாரும் இதற்குக் காசு கேட்பதில்லை, கேட்டால் அவரிடம் வாங்காதீர்கள்.

குறையும் உண்டு. நிறம் கொஞ்சம்தான், அதுவும் மூடிக்குள். வந்தவருக்கு 'பார்' என்று காட்ட முடியாது. எது முளைக்கும் என்பதும் நம் கையில் இல்லை. சாம்பலோடு நின்றுவிடவும் கூடும். என் மருமகன் கேட்டது நியாயம்: "பாக்க முடியாததுக்கு எதுக்கு மாமா டேங்க்?" பெட்டியின் முன்பக்கம் கண்ணாடியாக விட்டு, கழற்றி மாட்டுகிற கருப்பு அட்டை வைக்கச் சொன்னேன். தொட்டிக்குள்ளேயே குகை போலப் பாறை அடுக்கி, அதன் கூரையின் உள்பக்கத்தில் பஞ்சு பிடித்த துண்டைத் தலைகீழாக ஒட்டுவதும் நல்ல வழி. கடலிலும் இவை பெரும்பாலும் பொந்துக் கூரையில் தலைகீழாகத்தான் தொங்குகின்றன.

தண்ணீர், சூடு, சட்டம்

எந்த வழியானாலும் வடசென்னைக்கென்று சில சங்கடங்கள்.

காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருக்க, உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். துறைமுகத் தண்ணீரில் டீசல் படலம், கழிவு. எண்ணூர்ப் பக்கம் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததும் மறந்திருக்காது. ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீர் கலந்து கரையோர உப்பளவும் இறங்கும். லட்சம் துளையோடு நாள் முழுக்கத் தண்ணீரைக் குடிக்கிற உயிரை அதில் வைப்பது பாவம். ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கரைப்பதே மேல். காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துக் குழாயில் விடுவதற்கென்றே ஆலை கட்டினார்கள். 2010-ல் அந்த ஆலையின் தண்ணீர் வடசென்னைக்கு வர ஆரம்பித்தது. அப்படி வந்த தண்ணீரை நாம் மறுபடி ஆர்ஓ போட்டு, அதில் மறுபடி உப்பைக் கொட்டினோம். அக்கா இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆர்ஓ தண்ணீரில் ஒரு நுணுக்கம். பெரும்பாலான பஞ்சுகளின் எலும்புக்கூடு சிலிக்கா, அதாவது கண்ணாடிச் சரக்கு. மரைன் ஆட்களோ பழுப்புப் பாசிக்குப் பயந்து சிலிக்கேட்டைச் சுத்தமாக எடுக்கப் பார்ப்பார்கள். பஞ்சு வளர்க்கிறவர் அதில் அவ்வளவு கெடுபிடி காட்ட வேண்டாம். கண்ணாடியில் கொஞ்சம் பழுப்புப் படிந்தால் துடைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது சூடு. சித்திரை, வைகாசியில் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். நமக்கு வேண்டியது 25, 26. மேலே ஃபேன் மாட்டினால் ஆவியாகி இரண்டு டிகிரி இறங்கும். கடற்காற்று ஈரமாக அடிக்கிற நாளில் அதுவும் இறங்காது. சில்லர்தான் வழி. 200 வாட் சில்லர் பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாத பில்லில் 120 யூனிட். வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 450-ல் இருந்தால் 500-ஐத் தாண்டும், தாண்டினால் ஸ்லாப் மாறும். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அழுகல் வேகமெடுக்கும். சிவப்பு முதலில் போகும். இருட்டுப் பெட்டியில் நிறைய சுருங்கிப்போகும், ஆடி கழிந்ததும் மிச்சத்திலிருந்து துளிர்க்கும். இரண்டு கோடை பார்த்துவிட்டேன்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் சொல்ல மாட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001-ல் பாறைப் பவளம், கடல் விசிறி, கடல் அட்டையோடு சுண்ணாம்புச் சட்டகம் கொண்ட பஞ்சுகளும் சேர்க்கப்பட்டன. 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றி அடுக்கப்பட்டன. சிலிக்கா பஞ்சா, சுண்ணாம்புப் பஞ்சா என்று கடையில் நின்று கண்ணால் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிக் காகிதம் கேளுங்கள். 'ராம்நாடு சரக்கு, லோக்கல்' என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா, அங்கிருந்து பாறையோடு பெயர்த்து வருவது திருட்டு. வேடிக்கை என்னவென்றால், எல்லோர் சம்பிலும் முளைக்கிற அந்தக் குடுமிக்காரப் பொடியனும் சுண்ணாம்புக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அதைச் சுரண்டி எடுத்து விற்கும் யோசனையும் வேண்டாம்.

காசிமேட்டில் விசைப்படகு வலையோடு வந்து கரையில் கொட்டிக் கிடக்கும் பஞ்சுத் துண்டைப் பொறுக்கி வருகிறேன் என்று பையன் ஒருநாள் கேட்டான். காற்றுப்பட்டுச் சில மணி நேரம் ஆனது அது. தொட்டிக்குள் போட்டால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். திருவொற்றியூர் தூண்டில் வளைவுப் பாறை இடுக்கில் சுரண்டுவதும் வேண்டாம், கால் வழுக்கி விழுந்தால் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில்

நிறம் இப்போதே வேண்டும், மாதம் முழுக்க வீட்டில் ஆள் இருக்கிறது, சில்லர் இருக்கிறது என்றால் நீலத்தை எடுத்துத் தனிப் பாறையில் வையுங்கள். நிறம்தான் முக்கியம், அது பஞ்சாகவே இருக்க வேண்டும் என்றில்லை என்றால் சிவப்புக் கடற்பாசியைப் பாருங்கள். கஞ்சிப்பாசி வகையறா வெளிச்சத்திலும் மீன் கழிவிலுமே வளரும், தண்ணீரையும் சுத்தம் செய்யும். ஏஞ்சல் மீன் வைத்திருக்கிறவர்கள் மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். பஞ்சு அதற்கு பஜ்ஜி மாதிரி.

மற்ற எல்லோருக்கும் இருட்டுப் பெட்டி. அதில் மஞ்சளோ ஆரஞ்சோ கைப்பிடி அளவுக்கு வளர்ந்து ஒரு வருடம் நின்றால், உங்கள் தண்ணீரில் பஞ்சுக்குச் சோறு இருக்கிறது என்று அர்த்தம். விலைக்கு வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பையன் சம்பின் மூன்றாவது அறைக்குக் கருப்பு அட்டை வெட்டி மாட்டினான். என் சம்பிலிருந்து பீங்கான் வளையம் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு, மூடியை இறுக்கி, பெரம்பூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் போனான். நாலு மாதம் கழித்து ராத்திரி ஒரு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பீங்கான் விளிம்பில் வெள்ளையாக ஒரு புள்ளி. கீழே ஒரு வரி: "மாமா, இது பஞ்சா, நத்தை முட்டையா?"

"குடுமி இருக்கா பாரு" என்று அனுப்பினேன். பதிலுக்கு இன்னொரு போட்டோ வந்தது, முன்னதைவிட மங்கலாக.